பதினைந்தாவது பெயர்

மூன்றாம் படிவத்தில் பிள்ளை படிக்கும் வீடுகளுக்கு ஆண்டு இறுதியில் ஒரு தாள் வந்து சேரும். அடுத்த ஆண்டு நான்காம் படிவத்தில் எந்தப் பாடத் தொகுப்பு வேண்டும் என்று கேட்கும் தாள் அது. ‘பாக்கேஜ்’ என்று சொன்னால்தான் பிள்ளைகளுக்குப் புரியும். முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், மூன்றாம் விருப்பம், கடைசியில் பெற்றோர் கையெழுத்து. தாள் ஒரு பக்கம்தான். அதை வைத்துக்கொண்டு வீட்டில் நடக்கும் பேச்சு இரண்டு வாரம் ஓடும்.

அந்தப் பேச்சில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: “இதைப் படிச்சா நாளைக்கு என்ன பிரயோஜனம்?”

இயற்பியலைப் பார்த்து யாரும் இப்படிக் கேட்பதில்லை. வரலாறு கட்டாயப் பாடம். கேட்டாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஓவியக் கல்வியும் புவியியலும் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் வாங்கிக் கட்டிக்கொள்ளும். நம் வீடுகளில் இந்தக் கேள்வியை அதிகம் சந்திப்பது தமிழ்தான். தமிழ் இலக்கியத்துக்கு அந்தக் கேள்வி கேட்கப்படும் பாக்கியம்கூட இல்லை. பேச்சிலேயே அது வருவதில்லை.

சில வாரங்களுக்கு முன் வானொலியில் இதையே தலைப்பாக வைத்தோம். ஒரு மணி நேரமும் தொலைபேசி ஓயவில்லை. கிள்ளான் பக்கத்திலிருந்து ஓர் அண்ணன் பேசினார். லாரி ஓட்டுபவர். “தமிழ் மேல பாசம் இல்லாம இல்லம்மா. ஆனா பாசத்த வச்சு வீட்டு வாடகை கட்ட முடியாது. என் மக அந்த ஒரு பாடத்துக்குப் பதிலா கணக்கியல் எடுத்தா, நாளைக்கு ஏர்கோன் போட்ட ஆபீஸ்ல உக்காருவா. நான் சொல்றது தப்பா?” என்றார்.

தப்பில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ‘தாய்மொழியை விலை பேசலாமா’ என்று மேடையில் முழங்குவது சுலபம். அப்படி முழங்குபவர் வீட்டில் பெரும்பாலும் வாடகை பாக்கி இருக்காது. ஒரு பாடத்துக்கு டியூஷன் செலவு, போய்வரப் பெட்ரோல், பயிற்சிப் புத்தகம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் குடும்பத்துக்கு, போட்ட காசுக்குப் பலன் என்ன என்று கேட்கும் உரிமை முழுதாக உண்டு. அதனால் அந்தக் கேள்வியை ஒதுக்கித் தள்ளாமல், அந்த அண்ணன் போட்ட கணக்கையே எடுத்துப் பார்ப்போம். எங்கே சரியாக இருக்கிறது, எங்கே இடறுகிறது என்று.

எஸ்.பி.எம்-இல் மலாய், ஆங்கிலம், கணிதம், வரலாறு ஆகியவை எல்லாருக்கும் உண்டு. முஸ்லிம் அல்லாத நம் பிள்ளைகளுக்கு நன்னெறிக்கல்வி உண்டு. தூய அறிவியல் பாடங்கள் எடுக்காதவர்களுக்கு அறிவியலும் உண்டு. இதற்கு மேல்தான் தேர்வு. முன்பு அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்று இரண்டு வாசல்தான் இருந்தது. 2020-இலிருந்து அந்தப் பிரிவினை எடுக்கப்பட்டு, பாடத் தொகுப்புகள் வந்தன. பள்ளிக்குப் பள்ளி தொகுப்பு மாறும். எப்படி மாறினாலும், குடும்பம் உட்கார்ந்து விவாதிக்கும்படி மிஞ்சுவது இரண்டு, மூன்று இடங்கள்தான்.

இந்த இடங்களைப் பயன் பார்த்து நிரப்புவது ஓரளவுக்கு அவசியம். காரணம், சில படிப்புகளின் கதவு குறிப்பிட்ட பாடங்களுக்கு மட்டுமே திறக்கும். டாக்டராக வேண்டும் என்று பிள்ளை சொன்னால் உயிரியல், வேதியியல், இயற்பியல் மூன்றும் வேண்டும். பொறியியலுக்குப் பெரும்பாலும் கூடுதல் கணிதமும் இயற்பியலும் கேட்பார்கள். இவற்றை 15 வயதில் விட்டுவிட்டு 18 வயதில் தேடினால் சுற்றுவழிதான். அந்த வழியில் காலமும் காசும் கரையும். எனவே ‘கதவுப் பாடங்கள்’ எவை என்று பார்த்து அவற்றை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். இதில் எனக்குத் துளியும் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் எல்லாப் பாடமும் கதவுப் பாடம் இல்லை. அந்த அண்ணனின் கணக்கு இங்கேதான் இடறுகிறது. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கணக்கியல் பட்டப்படிப்புக்கு எஸ்.பி.எம்-இல் எதிர்பார்ப்பது கணிதத்தில் நல்ல தேர்ச்சி, மொழிப்பாடத்தில் தேர்ச்சி. எஸ்.பி.எம் கணக்கியலை எடுக்காதவரும் அங்கே முதலிலிருந்து கற்றுக்கொண்டு முன்னேறலாம். எஸ்.பி.எம் கணக்கியல் நல்ல பாடம். எண்களோடு பழகப் பிடித்த பிள்ளைக்கு இனிக்கும். எடுத்தால் முதல் ஆண்டு சுலபமாக இருக்கும். அதை எடுக்காவிட்டால் ஆபீஸ் கதவு மூடிவிடும் என்பது மட்டும் சரியில்லை. நான் ஊடகவியல் பட்டம் படித்தவள். சேர்க்கையின்போது பள்ளியில் ஊடகம் படித்தாயா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. மொழி எப்படி என்றுதான் பார்த்தார்கள்.

பிள்ளை போக நினைக்கும் இரண்டு, மூன்று படிப்புகளின் சேர்க்கைத் தகுதியைப் பல்கலைக்கழகங்களின் பக்கங்களில் தேடி ஒரு மாலை உட்கார்ந்து படித்துப் பாருங்கள். ‘கண்டிப்பாக வேண்டும்’ என்று நாம் பயந்த பாடங்களில் பாதி அந்தப் பட்டியலில் இருக்காது. ஒரு இடம் காலியாகக் கிடைக்கும்.

அந்தக் காலி இடத்துக்கும் சந்தை விலை பார்த்தே ஒரு பாடத்தைப் பிடித்துப் போட வேண்டுமா?

போடலாம், நாளைய சந்தை நமக்குத் தெரியுமானால். இன்று 15 வயதுப் பிள்ளை முழுநேர வேலைக்குப் போக இன்னும் ஏழு, எட்டு ஆண்டுகள் ஆகும். நம் அம்மா, சித்தி, அத்தைகளின் காலத்தை நினைத்துப் பாருங்கள். படிப்பு முடிந்த பெண் பிள்ளை டவுனுக்கு பஸ் ஏறிப் போய் டைப்பிங் வகுப்பில் சேர்வாள். கூடவே பிட்மன் சுருக்கெழுத்து. அதைவிட உறுதியான வேலை வாய்ப்பு அந்த நாளில் கிடையாது. சான்றிதழ் இருந்தால் வக்கீல் அலுவலகத்தில் சேரலாம், அரசாங்க அலுவலகத்தில் சேரலாம். பிறகு கணினி வந்தது. அந்த வகுப்புகளின் பெயர்ப்பலகைகள் ஒவ்வொன்றாக இறங்கின. சித்தி தட்டச்சு படித்ததில் பிழை ஏதும் இல்லை. அன்றைய சந்தைக்கு அது சரியான பதில். சந்தை தன் கேள்வியை மாற்றிக்கொண்டது.

வீட்டுக் கணக்கை விடுங்கள். நாட்டுக்கே கணக்குப் போடுபவர்கள் என்ன செய்தார்கள்? அறிவியல் 60 விழுக்காடு, கலை 40 விழுக்காடு என்று மாணவர் எண்ணிக்கைக்கு 1967-இல் இலக்கு பரிந்துரைக்கப்பட்டு, 1970-இலிருந்து கொள்கையானது. நாட்டின் பொருளாதாரத்துக்கு இத்தனை பொறியியலாளர்கள், இத்தனை மருத்துவர்கள் தேவை என்ற எண்ணத்தில் பிறந்த இலக்கு. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அந்த 60 எட்டப்படவில்லை. அடுத்து, 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. உலகச் சந்தையில் போட்டியிட ஆங்கிலம் வேண்டும் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். தமிழ்ப்பள்ளிகளும் மாறின. 2009-இல் அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். 2012-இலிருந்து பாடங்கள் பழையபடி திரும்பத் தொடங்கின. 2016-இல் இருமொழித் திட்டம் என்ற பெயரில் விரும்பும் பள்ளிகளுக்கு ஆங்கிலம் மறுபடி வந்தது. அந்த இடைவெளியில் பள்ளிக்குப் போன பிள்ளைகளை நம் குடும்பங்களிலேயே பார்க்கலாம். ‘கிட்டத்தட்ட’ என்பதைக் கணக்கில் எந்த மொழியில் சொல்வது என்று அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒத்துவராது.

இன்னும் அண்மையில், 2024-இல், எஸ்.பி.எம்-இல் 10 ஏ-யும் அதற்கு மேலும் பெறுபவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் உறுதி என்று அரசாங்கம் அறிவித்தது. அதுவரை ‘ஒன்பது பாடம் போதும், எதற்கு வீண் சுமை’ என்று இருந்த வீடுகளில் பத்தாவது பாடம் எது என்ற யோசனை வந்தது. ஒரே அறிவிப்பில், பயனில்லாத பாடம் பயனுள்ள பாடமாகிவிட்டது. பாடத்தில் ஒரு வரிகூட மாறவில்லை.

புள்ளிவிவரமும் நிபுணர்களும் கையில் இருக்கும் அரசாங்கத்துக்கே பத்தாண்டுக்கு அப்பால் தெரியவில்லை. வாட்ஸ்அப் குழுவில் வரும் ‘எதிர்காலத்தின் 10 வேலைகள்’ பட்டியலை நம்பிப் பிள்ளையின் கடைசி இடத்தையும் நிரப்புவது, என் கருத்தில், கணக்கே இல்லை. பயத்தைக் கணக்கு என்று சொல்லிக்கொள்கிறோம்.

நம் சமூகத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி நினைவும் இருக்க வேண்டும். பொருளாதாரப் பயனை மட்டும் பார்த்துப் பாடம் வைத்தால் பள்ளி எப்படி இருக்கும் என்று நம்மிடம் முன்பே காட்டிவிட்டார்கள். இரப்பர்த் தோட்டத்துப் பள்ளிகள் அப்படித்தான் தொடங்கின. தொழிலாளர் சட்டம் சொன்னதற்காகத் தோட்ட நிர்வாகங்கள் பள்ளி வைத்தன. பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். எழுத, படிக்க, கூட்ட, கழிக்கத் தெரிந்தால் போதும். தோட்டத்துக்கு எவ்வளவு எழுத்து தேவையோ அவ்வளவு எழுத்து. பால் வெட்டப் போகும் பிள்ளைக்கு அதற்கு மேல் எதற்கு என்று கேட்டவர்கள் அன்றும் ‘என்ன பிரயோஜனம்’ என்ற அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அன்று கணக்குப் போட்டவர் துரை. அந்தக் கணக்கைத் தாண்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் நம் தாத்தா பாட்டிகள். அவர்கள் தாண்டியதால்தான் இன்று ‘பாக்கேஜ்’ பற்றிப் பேச நமக்கு ஒரு மேசை இருக்கிறது.

இங்கே தமிழுக்காகப் பேசுபவர்கள் வழக்கமாக ஒரு பதில் வைத்திருப்பார்கள். “யார் சொன்னது தமிழுக்கு வேலை இல்லை என்று? ஆசிரியர் ஆகலாம், மொழிபெயர்ப்பாளர் ஆகலாம். வானொலியைப் பாருங்கள், தமிழ் பேசியே சம்பாதிக்கிறார்கள்.” பள்ளி நிகழ்ச்சிகளுக்குப் போனால் என்னையே கைகாட்டுவார்கள். “இந்த அக்காவைப் போல வரலாம்.”

அன்போடு கேட்டுக்கொள்கிறேன், என்னை அதற்கு உதாரணம் ஆக்காதீர்கள். நாட்டில் தமிழ் வானொலி நிலையங்களை விரல் விட்டு எண்ணலாம். ஒரு நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை காலியாவது அபூர்வம். ஆயிரக்கணக்கான பிள்ளைகளிடம் ‘தமிழ் படித்தால் மைக் கிடைக்கும்’ என்று சொல்வது பொய் வாக்குறுதி. அதைவிடப் பெரிய சிக்கலும் இருக்கிறது. தமிழைச் சம்பளத்தை வைத்து நியாயப்படுத்தினால், சம்பளம் குறையும் அன்று தமிழையும் விட்டுவிட வேண்டியதுதான். அதே தராசில் ஏற்றிய பிறகு, எடை குறைகிறதே என்று அழக்கூடாது.

அப்படியானால் அந்தக் காலி இடத்தில் தமிழ் எதற்கு?

நாட்டில் 520-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அத்தனையும் தொடக்கப்பள்ளிகள். ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளி முடிகிறது. 12 வயது. அந்த வயதில் பிள்ளைக்கு என்ன தமிழ் தெரியும்? பாட்டி வீட்டுக்குப் போனதைச் சொல்லத் தெரியும். திருக்குறள் ஒப்பிக்கத் தெரியும். ‘நான் ஒரு மிதிவண்டி’ என்று தன்கதை எழுதத் தெரியும். அந்த வயதுக்கு அது நிறைவான தமிழ். ஆனால் வாழ்க்கை 12 வயதில் நின்றுவிடுவதில்லையே. ஒரு கருத்தை எடுத்து இரண்டு பக்கமும் வாதம் செய்வது, சந்தேகத்தைச் சந்தேகமாகவே சொல்வது, வேண்டாத செய்தியைப் பெரியவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்வது, இவையெல்லாம் 13-லிருந்து 17-க்குள் மொழிக்குள் வர வேண்டியவை. இடைநிலைப்பள்ளித் தமிழ்ப் பாடத்தில் கட்டுரை, கருத்துணர்தல், செய்யுள் என்று மாணவர்கள் முணுமுணுத்துக்கொண்டே செய்யும் வேலை இதற்கான பழக்கம்தான்.

வானொலியில் நாள்தோறும் இதைக் கேட்கிறேன். பட்டம் பெற்ற, நல்ல வேலையில் இருக்கும் இளைஞர்கள் அழைப்பார்கள். அழகான தமிழில் வணக்கம் சொல்வார்கள், பாட்டு கேட்பார்கள், கிண்டல் செய்வார்கள். தலைப்பு கொஞ்சம் கனமானால் குரல் தடுமாறும். “அது வந்து, எப்படிச் சொல்றது” என்று தொடங்கி ஆங்கிலத்துக்குத் தாவுவார்கள். தமிழ்மேல் பற்று இல்லாமலா காலையில் காரிலிருந்து ஒரு தமிழ் நிலையத்துக்கு அழைக்கிறார்கள்? பற்று நிறைய இருக்கிறது. 12 வயதில் அவர்கள் கையில் கொடுத்த தமிழ் 30 வயதுப் பேச்சைத் தாங்கவில்லை. அவ்வளவுதான்.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு ஒரு பெண் குரல்பதிவு அனுப்பியிருந்தார். பொறியியலாளர். அம்மாவுக்குப் புற்றுநோய். மருத்துவர் ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கியிருக்கிறார். நோய் பரவிவிட்டது, முழுதாகக் குணப்படுத்த முடியாது, கட்டுப்படுத்தச் சிகிச்சை உண்டு, ஆனால் உடம்பைப் படுத்தும். சிகிச்சை எடுப்பதா, வலியைக் குறைத்துக்கொண்டு வீட்டில் இருப்பதா என்று அம்மாதான் சொல்ல வேண்டும். “எனக்கு எல்லாமே புரிஞ்சதுக்கா. அம்மா என் முகத்தப் பார்த்து, என்னம்மா சொல்றாங்கன்னு கேட்டாங்க. ‘கட்டி இருக்காம், மருந்து குடுப்பாங்களாம்’னு மட்டும்தான் எனக்கு வந்துச்சு. ரெண்டு வழி இருக்குன்னு நான் சொல்லவே இல்ல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல.” தமிழ்ப்பள்ளியில் படித்தவர். ஆறாம் ஆண்டில் தமிழுக்கு ஏ. இடைநிலைப்பள்ளியில் தமிழ் எடுக்கவில்லை.

எஸ்.பி.எம் தமிழ் எடுத்திருந்தால் புற்றுநோய்க்கான சொற்கள் தெரிந்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பாடத்தில் அவை இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் யாருக்கும் எந்த மொழியும் தடுமாறும் என்பதும் உண்மை. ஆனாலும் சிக்கலான ஒன்றை, கேட்பவர் மனம் நோகாமல், வரிசையாக, தமிழில் எடுத்துச் சொல்லிப் பழகிய நாக்குக்கு அந்த மருத்துவமனை அறையில் கொஞ்சம் வழி கிடைத்திருக்கும். அம்மா தன் உயிரைப் பற்றித் தானே முடிவு சொல்லியிருப்பார். இந்தப் பயனை எந்தச் சம்பளப் பட்டியலில் எழுதுவது?

இதுவரை சொன்னது ஒரு குடும்பத்துக்குள் இருக்கும் லாப நட்டம். இதற்கு வெளியே இன்னொன்று இருக்கிறது. இந்தப் பத்தியை எழுத முக்கியக் காரணமே அதுதான்.

1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தேசிய இடைநிலைப்பள்ளிகளைப் பற்றிச் சொல்லும்போது, அந்தப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ்மொழி கற்பிக்க வசதி செய்து கொடுக்கப்பட வேண்டும் என்கிறது. அந்த 15-ஐ மறுபடி படியுங்கள். கணிதத்துக்கு இப்படி ஓர் எண் இல்லை. கட்டாயப் பாடம் எதற்கும் இல்லை. ஒரு மாணவர் கூடுதல் கணிதத்தை விட்டால் அந்தப் பாடம் பள்ளியில் அப்படியே இருக்கும். தமிழ் அப்படியில்லை. அது பெற்றோரின் எண்ணிக்கையில் நிற்கும் பாடம்.

ஒரு பள்ளியில் 17 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று குடும்பங்கள், மூன்று வெவ்வேறு மேசைகளில் உட்கார்ந்து, நியாயமான மூன்று காரணங்களுக்காகத் தமிழை விடுகின்றன. ஒருவருக்கு டியூஷன் நேரம் இடிக்கிறது. ஒருவர் தமிழில் ஏ கிடைப்பது கடினம் என்று பயப்படுகிறார். ஒருவருக்குப் பிரயோஜனம் தெரியவில்லை. மூன்றும் தவறான முடிவு என்று சொல்ல முடியாது. ஆனால் மிச்சம் 14. இப்போது அந்தப் பள்ளிக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. நல்ல மனமுள்ள தலைமையாசிரியர் இருந்தால் வகுப்பு நடக்கும். இல்லையென்றால், நேரம் இல்லை, ஆசிரியர் இல்லை என்று போகும். அந்த 14 பேரில் ஒருத்தி தமிழாசிரியை ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். அவளுக்குத் தமிழ்தான் கதவுப் பாடம். அவள் கதவை மூடியவர்கள் அந்த மூன்று குடும்பங்கள். மூவருக்கும் அவள் பெயர்கூடத் தெரியாது.

2009-ஐ நினைவிருக்கிறதா? எஸ்.பி.எம்-இல் 10 பாடங்களுக்கு மேல் எழுத முடியாது என்று அரசாங்கம் அறிவித்தபோது நம் சமூகம் கொதித்தது. தமிழும் தமிழ் இலக்கியமும் அடிபட்டுப் போகும் என்று அமைப்புகள் கூடின, மனு கொடுத்தன, பத்திரிகைகள் எழுதின. கடைசியில் 12 பாடங்கள் வரை எழுதலாம் என்று தளர்த்தினார்கள். அன்று போராடி வாங்கிய இடம் இன்னும் இருக்கிறது. அதை வெறுமையாக விடும்படி இன்று எந்த அமைச்சரும் சொல்லவில்லை. நாமே கையெழுத்துப் போட்டு விடுகிறோம்.

“சமூகத்தின் பாரத்தை என் பிள்ளை தலையில் ஏற்றுகிறீர்களா?” என்று நீங்கள் கேட்கலாம். நேயர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இரவு ஒன்பது மணிவரை டியூஷனுக்கு ஓடி, மேசையிலேயே தூங்கிவிழும் பிள்ளைக்கு இன்னொரு பாடம் வேண்டாம். தமிழைப் பார்த்தாலே முகம் சுளிக்கும் பிள்ளையை அதில் கட்டிப்போடுவதால் தமிழுக்கும் நல்லதில்லை, பிள்ளைக்கும் நல்லதில்லை. அப்படிப்பட்ட வீட்டில் தமிழை விடுங்கள். குற்ற உணர்ச்சி வேண்டாம். நான் பேசுவது மற்ற வீடுகளைப் பற்றி. பிள்ளைக்கு எடுக்க மனம் இருக்கிறது, நேரமும் இருக்கிறது, ஆனால் ‘பிரயோஜனம் இல்லை’ என்ற ஒரே சொல்லால் பெயர் அடிக்கப்படுகிறது. அந்த வீடுகள் நிறைய இருக்கின்றன.

தாள் இன்னும் கொடுக்காதவர்களுக்கு என் யோசனை இதுதான். முதலில் கதவுப் பாடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் சமரசம் வேண்டாம். அடுத்து, மிச்ச இடத்துக்குப் பிள்ளைக்கு எதில் மனம் போகிறது என்று கேளுங்கள். ‘எதில் சம்பளம்’ என்று கேட்காமல், ‘எந்தப் புத்தகத்தை யாரும் சொல்லாமலே திறக்கிறாய்’ என்று கேளுங்கள். அது ஓவியமாகவும் இருக்கலாம், கணக்கியலாகவும் இருக்கலாம். தமிழ்தான் என்றால் மகிழ்ச்சி. பிறகு பள்ளிக்குப் போன் போட்டு, தமிழாசிரியர் இருந்தால் அவரிடம், இல்லையென்றால் அலுவலகத்தில், தமிழுக்கு இதுவரை எத்தனை பெயர் சேர்ந்திருக்கிறது என்று கேளுங்கள். 30 என்றால் உங்கள் முடிவு உங்கள் வீட்டோடு முடிந்தது, நிம்மதியாக எடுங்கள். 13 என்றால் விஷயம் வேறு. உங்கள் பிள்ளையோடு 14. பக்கத்துத் தாமானில், கோவிலில், தமிழ்ப்பள்ளிப் பழைய வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இன்னொரு பெற்றோர் இருப்பார். அவரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். கேட்பது பெற்றோரின் உரிமை. வாய்மொழியாக விடாமல் எழுத்தில் கேளுங்கள், ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் இலக்கியத்துக்கு நிலைமை இன்னும் மெலிவு. பல பள்ளிகளில் அது கால அட்டவணையிலேயே இல்லை. ஆசிரியர்கள் சனிக்கிழமை காலையில், சம்பளம் பார்க்காமல், ஏதோ ஒரு வகுப்பறையைத் திறந்து நடத்துகிறார்கள். பொருளாதாரப் பயன் என்ற ஒரே அளவுகோல்தான் உலகத்தில் உண்டென்றால் அந்த ஆசிரியர்கள் சனிக்கிழமை வீட்டில் தூங்கியிருப்பார்கள். உங்கள் வட்டாரத்தில் அப்படி ஒரு வகுப்பு நடக்கிறதா என்றும் அந்த ஒரே போனில் கேட்டுவிடுங்கள்.

பெரும்பாலான பள்ளிகள் தாளைத் திருப்பிக் கொடுக்க ஒரு வாரமோ இரண்டு வாரமோ தருகின்றன. பள்ளியில் கேட்கும் எண்ணிக்கை 14-ஆக இருந்தால், அந்த நாள்களுக்குள் பதினைந்தாவது பெயர் எழுதப்பட்டாக வேண்டும்.